கறிவேப்பிலைக்குக் கோட்டு போட்ட கதை

மாண்ட்ரியலில் முதல் வெயில் அடிக்கும் நாளன்று யாரும் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. வேலையை விடக் கூடாது, கல்யாணத்துக்குச் சம்மதிக்கக் கூடாது, முடியை ஒட்ட வெட்டிக்கொள்ளக் கூடாது. முக்கியமாக, அடுத்தவர் வீட்டுச் செடிமேல் கை வைக்கவே கூடாது. மாதக்கணக்கில் பனிக்குள் கிடந்த ஊர் அது. திடீரென்று ஒரு ஏப்ரல் சனிக்கிழமை இருபது டிகிரி என்று போன் காட்டினால், நல்ல மனிதர்கள்கூட அரைக்கால் சட்டையோடு தெருவில் இறங்கிவிடுவார்கள். நான் மண்வெட்டியோடு இறங்கினேன்.

எனக்குச் சொந்த ஊர் திருச்சி. மென்பொருள் சோதனை என் வேலை. மற்றவர்கள் செய்த தப்பைக் கண்டுபிடித்துச் சொன்னால் எனக்குச் சம்பளம். (என் தப்பைக் கண்டுபிடிக்கக் கணவர் மோகன் இருக்கிறார். அவருக்குச் சம்பளம் கிடையாது.) பியர்பொன்ட்ஸில் நாங்கள் வீடு வாங்கிய முதல் வருஷம் அது. வீட்டின் பின்பக்கம், தெற்கு பார்த்து, மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த ஓர் அறை இருந்தது. அந்த அறையைப் பற்றி நான் பெருமை அடிக்காத ஆள் பாக்கி இல்லை.

அப்படிப் பெருமை அடித்ததில்தான் மாட்டிக்கொண்டேன்.

புவாண்ட்-கிளேரில் எங்கள் அலுவலகம் மாடியில். கீழே பெரிய கிடங்கு. அங்கே பார்சல் பிரிவை ஆண்டுகொண்டிருந்தவர் செல்வமலர் அக்கா. மன்னார்க்காரர். உயரம் குறைவு, குரல் மிக அதிகம். சாப்பாட்டு அறையில் ஒருநாள் என் சாம்பார் டப்பாவை மோந்து பார்த்துவிட்டு, "பிள்ளை, இதுக்குள்ள கறிவேப்பிலை இல்லையே! என்னெண்டு சாப்பிடுறீர்?" என்று கேட்டார். மறுநாள் ஒரு பை நிறைய இலை கொண்டுவந்து தந்தார். கடையில் விற்கும் வாடிப்போன சருகு இல்லை. கிள்ளினால் கை மணக்கிற அசல் இலை. அன்றிலிருந்து நான் அக்காவின் பக்தை.

அந்த இலை வந்த மரம் அக்காவின் உயிர். கனடா வந்த புதிதில் யாரோ கொடுத்த விரல் நீளக் கன்று, எத்தனையோ வாடகை வீடு மாறி, ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. அக்கா அதைச் 'செடி' என்று ஒருநாளும் சொன்னதில்லை. 'பிள்ளை' என்றுதான் சொல்வார். (என்னையும் பிள்ளை என்றுதான் கூப்பிடுவார். யாரைச் சொல்கிறார் என்பதில் சில சமயம் எனக்கே குழப்பம் வரும்.) அந்த வருஷ இலையுதிர் காலத்தில் அவர் புரோசார்டில் மகன் வீட்டு நிலவறைக்குக் குடிபோக வேண்டி வந்தது. அங்கே ஜன்னல் என்ற பெயரில் ஒரு கீற்றுதான் உண்டு.

"பிள்ளையை எங்க விடுறது எண்டுதான் யோசினையாக் கிடக்கு" என்றார்.

நான் யோசிக்கவே இல்லை. "எங்க வீட்ல விடுங்கக்கா! கண்ணாடி ரூம் இருக்கு. ராஜா மாதிரி வச்சிக்கிறேன்!"

அடுத்த ஞாயிறு அவர்கள் சர்ச்சில் பூசை முடிந்ததும் செய்தி பரவிவிட்டது. கறிவேப்பிலையை இறக்கிவைக்க அக்காவோடு வந்த ஜூட் அண்ணை, தன் வேனிலிருந்து தன்னுடைய வாழையையும் இறக்கினார். அவர் மனைவி ஒரு மல்லிகைத் தொட்டியை என் கையில் தந்து, "இவளுக்குத் தண்ணி கூடினா ஆகாது" என்று காதோடு சொன்னார். குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளையை விட்டுப்போகும் தாய் மாதிரி மூன்று தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் வேனில் ஏறினார்.

குளிர்காலத்தை நான் நன்றாகத்தான் சமாளித்தேன் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். இனி வரப்போவதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. வெளியே மைனஸ் இருபத்தைந்து. உள்ளே மல்லிகை பூத்தது. கறிவேப்பிலையில் பேன் மாதிரிப் பூச்சி வந்தபோது, அதைக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டுபோய் ஷவரில் குளிப்பாட்டினேன். ஞாயிறுதோறும் அக்கா வீடியோவில் கூப்பிடுவார். எனக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு, "சரி, போனைப் பிள்ளையிட்டக் குடும்" என்பார். நான் போனை மரத்தின் முன் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

"நாம எங்கயும் ஊருக்குப் போகவே முடியாதா?" என்று மோகன் ஒருநாள் கேட்டார்.

"செடிய யார் பாத்துக்கறது?"

"கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல எனக்கு ஒருநாள் தலைக்கு ஊத்தி விட்டிருக்கியா நீ?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் அவரிடம் இலை இல்லையே.

அக்டோபரில் நான் இன்னொரு காரியமும் செய்திருந்தேன். வசந்தத்தில் வீட்டின் முன்னால் வரிசையாகப் பூக்கட்டும் என்று துலிப் கிழங்குகளைப் புதைத்துவைத்தேன். நான் இந்தப் பக்கம் புதைத்துக்கொண்டு வர, அந்தப் பக்கம் அணில் தோண்டிக்கொண்டு வந்தது. ஏப்ரலில் பனி கரைந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தால், என் பாத்தியில் வெறும் மண். பக்கத்து வீட்டுப் புல்தரையின் நட்ட நடுவில், அணில் மறந்துபோன இடத்தில், ஐந்தாறு துலிப் முளைவிட்டிருந்தது. அந்த வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற கியூபெக்காரர். பெயர் ஜில். (சத்தியமாக. இந்தக் குளிரில் இப்படி ஒரு பெயர்.)

ஆக, அந்த ஏப்ரல் சனிக்கிழமை நான் எப்படிப்பட்ட நிலையில் இருந்தேன் என்று நினைத்துப் பாருங்கள். வெயில்! காலில் செருப்பு! எதிர்வீட்டில் யாரோ இறைச்சி சுடும் வாசனை! என் பாத்தியில் மட்டும் ஒரு பூ இல்லை. மோகனை இழுத்துக்கொண்டு நாற்றுக்கடைக்குப் போனேன். மஞ்சளும் ஊதாவுமாகப் பான்சிப் பூக்கள், தட்டுத்தட்டாக. சின்னச் சின்ன முகம் வைத்த பூ அது. அத்தனை முகமும் என்னைப் பார்த்துச் சிரித்தன. கார் டிக்கி நிறைய அள்ளிக்கொண்டு வந்தேன்.

பின்தோட்டத்தில் வட்டமாகப் பாத்தி வெட்டிய பிறகுதான் அந்த மகத்தான யோசனை உதித்தது. வட்டத்தைச் சுற்றிப் பான்சி. நடுவில்? நடுவில் ஏதாவது கம்பீரமாக வேண்டாமா?

"மோகன்! கறிவேப்பிலைய நடுவுல நட்டுடலாம்!"

"தொட்டியோடயா?"

"தொட்டி எதுக்கு? பாவம், எத்தனை வருஷமா அந்த டப்பாக்குள்ள காலை மடக்கிட்டு இருக்கு! கோடை முழுக்கத் தரையில இருக்கட்டும்."

"அக்காகிட்ட கேட்டியா?"

"சர்ப்ரைஸ்!"

மோகன் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆனால் வெயில் அவர் தலையிலும்தான் அடித்துக்கொண்டிருந்தது. இருவருமாகத் தொட்டியைச் சாய்த்து, மரத்தை உருவி, குழியில் நிறுத்தி, மண்ணைத் தள்ளி மிதித்தோம். ஓரமாக நின்று பார்த்தேன். அரச மரம் தோற்றது. உடனே செடிக்காரர்கள் எல்லோரும் இருந்த வாட்ஸப் குழுவில் செய்தி போட்டேன்: 'நாளை பூசை முடிந்து எல்லோரும் சாப்பிட வாருங்கள். பிள்ளைகள் உங்களைப் பார்க்கக் காத்திருக்கிறார்கள். அக்காவுக்கு ஒரு ஆச்சரியம்!'

அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் ஜில் எட்டிப்பார்த்தார். கறிவேப்பிலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினார்.

"த்ரோ தோ, மதாம்! த்ரோ தோ!"

நான் அப்போதுதான் பிரெஞ்சு வகுப்பில் முதல் படி முடித்திருந்தேன். 'த்ரே போ' என்றால் ரொம்ப அழகு. எனக்குத் தெரியும். மனுஷன் மனம்விட்டுப் பாராட்டுகிறார்!

"மெர்சி! மெர்சி பொக்கு!" என்றேன்.

அவர் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். (அழகில் சொக்கிப்போனவர்களும் அப்படித்தானே ஆட்டுவார்கள்?) மரத்தைக் காட்டி, வானத்தைக் காட்டி, இன்னும் சத்தமாக, "த்ரோ தோ!" என்றார். நான் நெஞ்சில் கைவைத்துக் குனிந்து வணங்கினேன். பிறகு அவர் கையை உதறிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று மோகனிடம் சொன்னேன்.

சாயங்காலம் காற்று திரும்பியது. வெயில் இருக்கும்போதே கையில் மயிர் குத்திட்டது. மோகன் போனைப் பார்த்துவிட்டு, "வித்யா, காலைல மைனஸ் மூணாம். ஸ்னோவும் இருக்காம்" என்றார்.

"எந்த ஊர்ல?"

"நம்ம வீட்ல."

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் வியர்க்கிறது. வெயிலுக்காக வெளியே எடுத்துவைத்த வாழையும் மல்லிகையும் தொட்டியில் இருந்ததால் உள்ளே ஓடிவிட்டன. கறிவேப்பிலையை எப்படி உள்ளே கொண்டுபோவது? மண்வெட்டியைப் போட்டு நெம்பினோம். அடியில் 'மொடக்' என்று ஒரு சத்தம். வேர்! மண்வெட்டியைக் கீழே போட்டேன்.

"இன்னொரு தடவ நெம்புனா மரம் வேற, வேர் வேறன்னு வரும்" என்றார் மோகன்.

சரி, போர்த்திவிடலாம் என்று போர்வையைக் கொண்டுவந்தேன். காற்று அதைப் பிடுங்கியது. என் பூனம் புடவையைச் சுற்றினேன். அது பறந்துபோய் ஜில் வீட்டு வேலியில் கொடி ஏற்றியது. பழைய கிறிஸ்துமஸ் விளக்குச்சரம் ஒன்று இருந்தது. அந்த பல்புகள் சுடும். அதை மரத்தைச் சுற்றிக் கட்டிச் சொருகினோம். ஆனால் சூட்டைப் பிடித்துவைக்க மேலே கெட்டியாக ஏதாவது வேண்டும். காற்று புகாமல், பறந்துபோகாமல், ஜிப் வைத்து…

நான் மெதுவாக மோகனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முழங்கால்வரை நீளும் தன் கருப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"வேண்டாம்" என்றார், நான் வாயைத் திறக்கும் முன்பே.

அந்தக் கோட்டு கறிவேப்பிலைக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருந்தது. கிளைகளை அடக்கி ஜிப்பைக் கழுத்துவரை இழுத்தேன். கோட்டின் வெறும் கைகள் காற்றில் அடித்துக்கொண்டன. உள்ளே துண்டுகளைத் திணித்தேன். கைநுனி வழியாகக் குளிர் போகக் கூடாது என்று கையுறைகளை மாட்டிவிட்டேன். உச்சிக்கொழுந்துக்குக் கம்பளித் தொப்பி. அதற்கு மேல் கோட்டின் தலைமூடி. கீழே தண்டுக்கு ஒரு பழைய பனிக்கால்சட்டை, சுருட்டிச் சுற்றி. எட்டி நின்று பார்த்தபோது, மோகன் என்னைவிட்டுப் பிரிந்து தனியாகத் தோட்டத்தில் நிற்பது போல இருந்தது.

காலையில் எழுந்தால் எல்லாம் வெள்ளை. அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வடை தட்டினேன். சமையலறை புகையாக இருந்ததால் பின்பக்க ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்திருந்தேன். மோகன் குளிக்கப் போயிருந்தார்.

அவர்கள் வாசல் வழியாக வந்து மணி அடிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். அக்காவுக்குப் பிள்ளையைப் பார்க்கும் அவசரம். நேரே பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு பின்தோட்டத்துக்கு வந்துவிட்டார். பின்னாலேயே ஜூட் அண்ணை.

"தம்பி! என்ன, ஸ்னோவுக்குள்ள நிண்டு என்ன செய்யிறீர்?" என்ற குரல் ஜன்னல் வழியாக வந்தது.

நான் எட்டிப்பார்த்தேன். அக்கா கோட்டின் முதுகைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். என் இரண்டு கையிலும் வடைமாவு. அடுப்பில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது.

"மோகன் தம்பி! உம்மைத்தான். கூப்பிடக் கூப்பிடத் திரும்பாம நிக்கிறீர்?"

அக்கா ஜூட் அண்ணையைப் பார்த்தார். ஜூட் அண்ணை குரலைத் தாழ்த்தினார் (அவர் குரல் தாழ்ந்தாலும் மூன்று வீட்டுக்குக் கேட்கும்). "சண்டை போல கிடக்கு. வித்யா வெளியில விட்டுக் கதவைப் பூட்டிப்போட்டாள் போல."

"இந்தக் குளிருக்கயோ? அந்தப் பிள்ளைக்கு விசரே!"

அக்கா கிட்டே போனார். கோட்டின் தோளில் இருந்த பனியைத் தட்டிவிட்டார். "எல்லா வீட்டிலயும் நடக்கிறதுதான் தம்பி. எங்கட இவரும் ஒருக்கா பால்கனியில நிண்டவர். மனசில வச்சிருக்காதையும். உள்ள வாரும், நான் அவளோட கதைக்கிறன்."

அப்போது பார்த்து ஜிப்பின் இடுக்கில் விளக்குச்சரம் ஒருமுறை மின்னி அணைந்தது.

"ஐயோ ஜூட், நெஞ்சுக்குள்ள ஏதோ மின்னுது!"

"ஹார்ட் மிஷினோ தெரியேல்லை!"

"மாதாவே! அதுதான் கதைக்கேலாம நிக்கிறார்!" என்று அக்கா அந்தக் கையைப் பிடித்து இழுத்தார். கையுறை கழன்று அவர் கையோடு வந்தது. பின்னாலேயே துண்டும். அக்கா போட்ட அலறலில் எங்கள் கூரைப் பனி சரிந்து விழுந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் கதவு படாரென்று திறந்தது. ஜில் போர்வையோடு ஓடிவந்தார். அவரும் விடிந்ததிலிருந்து ஜன்னல் வழியாக அந்த 'ஆளை'ப் பார்த்துக் கையசைத்துக் கையசைத்துக் கவலைப்பட்டிருக்கிறார். நான் மாவுக்கையோடு பின்கதவுக்கு ஓடினேன். எனக்கு முன்னால், குளித்த ஈரத் தலையோடு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மோகன் வெளியே போய் நின்றார்.

"வாங்கக்கா, வாங்க! ஏன் இங்கயே நிக்கிறீங்க?"

அக்கா இந்த மோகனைப் பார்த்தார். அந்த மோகனைப் பார்த்தார். கையிலிருந்த கையுறையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அக்கா, அது… சர்ப்ரைஸ்" என்றேன்.

அக்காவே ஜிப்பை இறக்கினார். உள்ளிருந்து முதலில் வந்தது வாசனை. அந்தப் பனியில், அந்த ஞாயிறு காலையில், தாளித்த மாதிரிக் கறிவேப்பிலை மணந்தது. பிறகு இலை தெரிந்தது. கருப்பாக, வெந்த கீரை மாதிரித் தொங்கிக்கொண்டு. விளக்கு தொட்ட இடத்தில் மட்டும் பச்சைத் திட்டுகள். ஒரு கொத்தைத் தொட்டார். அது அவர் கையிலேயே உதிர்ந்தது. அவர் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "நான் இந்த நாட்டுக்கு வந்து வச்ச முதல் மரம் பிள்ளை" என்று மட்டும் சொன்னார். அந்தப் 'பிள்ளை' நான்தானா, மரமா என்று அன்றும் தெரியவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சுற்றிலும் பனிக்குள்ளிருந்து பான்சிகள் தலையை நீட்டி, ஒன்றுமே நடக்காதது மாதிரிச் சிரித்துக்கொண்டிருந்தன. அவற்றுக்குக் குளிர் உறைக்காதாம்.

ஜில் மண்டியிட்டு, மண்ணுக்குச் சற்று மேலே தண்டை நகத்தால் சுரண்டினார். "வேர்!" என்றார்.

"ஆமா, வேரும் போச்சு" என்றேன் அழுதுகொண்டே.

"வேர் இல்லை, பச்சை எண்டு சொல்லுறார்" என்றார் ஜூட் அண்ணை. அவருக்குப் பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு. "அடியில உயிர் இருக்காம். அதோட, நேற்று முழுக்கக் கத்திச் சொன்னவராம், வேளைக்கு வச்சிட்டீர், வேளைக்கு வச்சிட்டீர் எண்டு. நீர் மெர்சி சொல்லிக் கும்பிட்டீராம்."

த்ரோ தோ. ரொம்பச் சீக்கிரம். அந்த இரண்டு வார்த்தையை இனி என் வாழ்நாளில் மறக்க மாட்டேன்.

மதியச் சாப்பாடு துக்க வீட்டுச் சாப்பாடு மாதிரி நடந்தது. வடையை ஜூட் அண்ணையும் ஜில்லும் மட்டும் சாப்பிட்டார்கள். பிறகு ஜில் சொன்னபடி கருகியதையெல்லாம் வெட்டி, மண் இளகியபின் அடிக்கட்டையைப் பக்குவமாகத் தோண்டித் தொட்டிக்குள் வைத்தோம். முழங்கால் உயரத்துக்கு ஒரு குச்சி. கண்ணாடி அறையில் அதன் முன்னால் தினமும் காலையில் காபியோடு உட்கார்ந்தேன். வேலையில் அக்காவைப் பார்த்தால் படிக்கட்டில் ஒளிந்தேன். அவர் திட்டவே இல்லை. "முளைச்சதோ?" என்று மட்டும் கேட்பார். நான் தலையாட்டுவேன், இல்லையென்று.

ஜூன் மாதம் ஒரு காலை, காபி கையிலிருந்து நழுவியது. குச்சியின் அடியில் செம்பழுப்பாக ஒரு துளிர். தொட்டியைத் திருப்பினேன். இன்னொன்று. மண்ணைக் கீறிக்கொண்டு, வேரிலிருந்து, அங்கொன்று, இங்கொன்று! நெம்பியபோது முறிந்ததே அந்த வேர், அங்கிருந்தும் ஒரு கன்று கிளம்பியிருந்தது. புகைப்படம் எடுக்கும் பொறுமை எனக்கில்லை. இரவு உடையின்மேல் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, தொட்டியை முன்சீட்டில் வைத்து, பெல்ட்டும் போட்டு, நேரே கிடங்கின் சரக்கு வாசலில் போய் நிறுத்தினேன்.

"அக்கா! அக்கா! முளைச்சிருச்சு!"

பெட்டி ஏற்றும் வண்டிகள் எல்லாம் நின்றன. அக்கா ஓடிவந்து கார் கதவைத் திறந்து, சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த அந்தக் குச்சியைப் பார்த்தார். துளிர்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். கண்ணைத் துடைத்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. பின்தோட்டம், கோட்டு, கையுறை எல்லாம் ஒரேயடியாக ஞாபகம் வந்து, காரைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றுதான் அந்த மரத்துக்குப் பெயர் வைத்தார்.

"இனி இவர் மோகன்" என்றார்.

பெயர் நிலைத்துவிட்டது. வேரிலிருந்து கிளம்பிய கன்றுகள் பிரிக்கப்பட்டு, புரோசார்ட், பியர்பொன்ட்ஸ் என்று பல வீடுகளுக்குப் போய்விட்டன. எல்லா வீட்டிலும் மோகன்தான். எங்கள் வீட்டில் எந்த விருந்தானாலும், "வித்யா, மோகன்ட ரெண்டு இலை தாரும்" என்று யாராவது கேட்காமல் இருப்பதில்லை. போன வருஷம் மோகனின் அம்மா திருச்சியிலிருந்து போனில் பேசிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் வந்து நின்ற அக்கா, "பிள்ளை, மோகனுக்குத் தலையை வெட்டிவிட்டாத்தான் பக்கத்தால கிளைப்பார்" என்று உரக்கச் சொல்லிவிட்டார். மாமியாரைச் சமாதானப்படுத்த வீடியோவில் மகனின் தலையை நேரில் காட்ட வேண்டியதாயிற்று.

போன மாதம் ஒரு திருமண வரவேற்பில், அக்கா தன் உறவுக்காரர் ஒருவருக்கு எங்களை அறிமுகப்படுத்தினார். "இது வித்யா. எங்களோட வேலை செய்யிறவ. இவர் அவவின்ட மனுசன், மோகன்."

உறவுக்காரர் கண்ணை அகல விரித்தார். "எந்த மோகன்? அந்தக் கறிவேப்பிலை மோகனோ?"

"இல்லை இல்லை" என்று என் கணவரே முந்திக்கொண்டு கை நீட்டினார். "நான் மற்ற மோகன்."